16டி மோட்டாரின் காந்தம்: உண்மையில் போய்விட்டதா, திரும்ப ஏற்றுவது எப்படி

கேள்வி சுருக்கமாக இது. ஸ்லாட் காரில் (டிராக்கின் பள்ளத்தைப் பிடித்து ஓடும் சின்ன மின்சாரப் பந்தயக் கார்) ஓடிக்கொண்டிருந்த பழைய 16டி வகை டி.சி. மோட்டார். மேசையில் வைத்துச் சுற்றினால் முன்பைவிட வேகமாகவே சுற்றுகிறது. டிராக்கில் இறக்கினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை இல்லை, பிரேக் பிடிப்பதில்லை, நாலைந்து சுற்றுக்குள் தொட முடியாத சூடு. காந்தத்தைத் திரும்ப ஏற்ற வேண்டுமா, வீட்டில் செய்ய முடியுமா?

நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் காந்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஏற்றும் கருவியைத் தேடிப் போவதற்கு முன் அளந்து பாருங்கள். காந்தம் போய்விட்டது என்று சொல்லப்படும் மோட்டார்களில் பலவற்றில் காந்தம் நன்றாகவே இருக்கும். சூடோ, பசை விட்டுப்போன இடைவெளியோ, தேய்ந்த புஷ்ஷோதான் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) காரணமாக இருக்கும்.

வேகம் ஏன் கூடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மோட்டாருக்குள் சுழலும் காயில் பகுதியான ஆர்மேச்சர் சுற்றும்போது அதுவே ஜெனரேட்டராகவும் வேலை செய்து, நாம் கொடுக்கும் வோல்டேஜுக்கு எதிராக ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில் வேகம் நிற்கிறது. காந்தம் வலுவிழந்தால் அந்த எதிர் வோல்டேஜ் உருவாக ஆர்மேச்சர் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். காந்தப் பாயம் (ஆர்மேச்சர் வழியாகப் போகும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) 10 சதவீதம் குறைந்தால் சுமையில்லாத வேகம் சுமார் 11 சதவீதம் கூடும். அதே ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் 10 சதவீதம் குறையும். பிரேக்கின் கதை இன்னும் மோசம். கன்ட்ரோலரை விட்டதும் மோட்டாரின் இரு முனைகளும் ஷார்ட் ஆகி, சுழலும் ஆர்மேச்சர் தன் மின்னோட்டத்தாலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. மின்னோட்டம் உண்டாவதும் காந்தத்தால்தான், அது டார்க்காக மாறுவதும் காந்தத்தால்தான். அதனால் பிரேக் விசை பாயத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: பாயம் 10 சதவீதம் இறங்கினால் பிரேக் 19 சதவீதம் இறங்கும். டிராக்கில் முதலில் பிரேக்தான் காட்டிக்கொடுக்கும்.

இதே அடையாளங்களைக் காட்டும் இன்னொரு நோய் ஆர்மேச்சர் காயிலில் ஷார்ட். அதிலும் சூடு உண்டு, ஆம்பியர் கூடும், இழுவை இருக்காது. வித்தியாசம் வேகத்தில். காயில் ஷார்ட்டான மோட்டார் சுமையில்லாமலே மெதுவாகத்தான் சுற்றும், காந்தம் இறங்கிய மோட்டார் வேகமாகச் சுற்றும். சந்தேகமிருந்தால் கம்யூட்டேட்டரின் (ஷாஃப்டில் கரி பிரஷ் தொடும் செப்பு வளையம்) மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக வைத்து ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஒரு ஓமுக்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, துண்டுகளின் மீது விழும் மில்லிவோல்ட்டை அளந்தால் அதுவே மில்லிஓம் கணக்கு.

காந்தத்தை அளக்க நான் முதலில் சிபாரிசு செய்வது காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரை அல்ல, ட்ரில்லிங் மெஷினை. மோட்டாரின் 2 மி.மீ. ஷாஃப்டை ட்ரில்லின் வாயில் பிடித்து, மோட்டார் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே சுற்றி, முனைகளில் வரும் டி.சி. வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 40,000 ஆர்.பி.எம். சுற்றும் மோட்டாரை 2,800 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் சுமார் 0.84 வோல்ட் வரும். அதே மோட்டார் இப்போது 0.76 காட்டினால் பாயம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. இது ஆர்மேச்சர் உள்ளே இருக்கும் நிலையில் அது உண்மையில் உணரும் பாயத்தை அளக்கிறது. காஸ் மீட்டரின் நுனியை ஆர்மேச்சரை எடுத்த காலியான ஓட்டைக்குள் நீட்டினால், அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே எண் மாறிவிடும். புது மோட்டார் வாங்கிய அன்றே இந்த வோல்ட்டைக் கேனின் (மோட்டாரின் இரும்பு ஓடு) மேல் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஒப்பிட எண் இல்லாவிட்டால் அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

இரண்டு காந்தங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் காந்தப்புலத்தை வோல்ட்டாகக் காட்டும் ஹால் சென்சார் போதும். ஏ1302 போன்ற நேர்கோட்டு சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால், காந்தமில்லாத இடத்தில் 2.5 வோல்ட் காட்டும். பிறகு ஒவ்வொரு காஸுக்கும் 1.3 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும். சென்சாரை ஒரு மரக்குச்சியில் ஒட்டி, கேனின் வாயிலிருந்து குறிப்பிட்ட ஆழத்தில் நிற்கும்படி குச்சியில் ஒரு தடை வையுங்கள். நடு, முன், பின் என்று மூன்று இடங்கள் போதும். ஒரு காந்தத்தின் ஒரு முனை மட்டும் சரிந்திருந்தால் அது பெரும்பாலும் விரிசல், அல்லது பசை விட்டுக் கேனிலிருந்து பிரிந்த இடம். அதை எந்தக் கருவியும் ஏற்றித் தராது.

எல்லா அளவையும் மோட்டார் குளிர்ந்த பிறகே எடுங்கள். 16டி, சி-கேன் வகை மோட்டார்களில் இருப்பது பெரைட், அதாவது செராமிக் காந்தம். சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் பெரைட்டின் பாயம் சுமார் 0.2 சதவீதம் இறங்கும். 25 டிகிரியிலிருந்து 125 டிகிரிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். கூடவே செப்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸும் 40 சதவீதத்துக்குக் கிட்டே ஏறும். இரண்டும் சேர்ந்தால் பந்தயத்தின் ஐந்தாவது நிமிடத்தில் மோட்டார் செத்துப்போனது போலிருக்கும். ஆனால் குளிர்ந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும். காலையில் நன்றாக ஓடி மதியம் சோர்ந்து மறுநாள் மீண்டும் நன்றாக ஓடினால் ஏற்ற வேண்டியது எதுவும் இல்லை. பல் விகிதத்தையும் காற்றோட்டத்தையும் பாருங்கள்.

அப்படியென்றால் நிரந்தரமாக எப்படி இறங்குகிறது? சும்மா அலமாரியில் இருந்து வயதானதால் பெரைட் இறங்குவதில்லை. எதிர்த் திசையில் போதுமான காந்தப்புலம் பட்டால்தான் இறங்கும். மோட்டாருக்குள்ளேயே அந்த எதிர்ப்புலம் இருக்கிறது. ஆர்மேச்சரில் மின்னோட்டம் ஓடும்போது அதுவும் ஒரு மின்காந்தம்தான். கார் எங்கேயாவது சிக்கி நிற்க, கன்ட்ரோலரை முழுதாக அழுத்திக்கொண்டே இருந்தால், மோட்டாரின் மிகப் பெரிய ஆம்பியர் அந்த நொடியில்தான் ஓடுகிறது. டைமிங் (கம்யூட்டேட்டர் மின்னோட்டத்தை மாற்றும் கோணம்) அதிகமாக முன்தள்ளிய, கனத்த கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்ட ஆர்மேச்சரில் அந்தப் புலத்தின் ஒரு பகுதி நேராகக் காந்தத்தை எதிர்த்தே நிற்கும். இழப்பு எப்போதும் காந்தத்தின் ஓரத்தில் தொடங்கும், நடுவில் அல்ல. இன்னொரு விஷயம் பலருக்குத் தலைகீழாகத் தெரியும்: பெரைட் எதிர்ப்புலத்தைத் தாங்கும் திறன் சூட்டில் கூடுகிறது, குளிரில் குறைகிறது. குளிர்நாடுகளில் உறைந்து கிடக்கும் காரை எடுத்து எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுப்பதுதான் பெரைட்டுக்கு ஆபத்து. நியோடிமியத்துக்கு நேர்மாறு. சாதாரணத் தரம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாக இழக்கத் தொடங்கும்.

மோட்டாருக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தும் உண்டு. வீட்டு டிராக் பிளாஸ்டிக் கார்களின் அடியில் டிராக்கோடு ஒட்டிப் பிடிக்க வைக்கும் சின்ன நியோடிமியம் துண்டுகளை மோட்டார் பெட்டியிலேயே போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு துண்டு பெரைட்டின் மேல் தவறான பக்கமாக ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மட்டும் காந்தத்தைத் திருப்பிப் போட்டுவிடும். தனி பெரைட் காந்தங்களை ஒன்றையொன்று ஈர்க்கும்படி ஜோடியாக, நடுவே ஒரு இரும்புத் தகடு வைத்துப் போட்டு வையுங்கள். நியோடிமியத்துக்கு வேறு பெட்டி.

ஏற்றுவதற்கு முன் பராமரிப்பு. வரிசை முக்கியம்: ஒட்டு, தேய்த்தல், சுத்தம், கடைசியில்தான் காந்தம். ஏற்றிய பிறகு தேய்த்தால் அந்தத் தூள் முழுதும் காந்தத்தின் மேலேயே ஒட்டி உட்கார்ந்துகொள்ளும், எடுக்கவே முடியாது.

கேனைத் திறந்து ஆர்மேச்சரை வெளியே எடுங்கள். காந்தத்தின் உட்பக்கத்தில் பளபளப்பான கோடு தெரிந்தால் ஆர்மேச்சர் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் உரசல் என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. காந்தத்தை மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். துளி அசைந்தாலும் பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டியதுதான். இரும்புத் தூளை எடுக்க ஒட்டுநாடாவை உள்ளே திணித்து அழுத்தி இழுப்பது சிறந்தது. துணியால் துடைத்தால் தூள் இடம்தான் மாறும். பிரஷ் கரியும் எண்ணெயும் சேர்ந்த அழுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அசிட்டோனில் ஊறப் போடாதீர்கள், பல பசைகள் அதில் இளகும்.

திரும்ப ஒட்டும்போது பழைய பசையை முழுதாகச் சுரண்டி, கேனின் உட்பக்கத்தை எமரி தாளால் சொரசொரப்பாக்கி, கொழுப்பு நீக்கித் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் மெதுவாக இறுகும் எபாக்சி பூசுங்கள். ஐந்து நிமிட எபாக்சி சூட்டில் முதலில் கைவிடும். 16டி மோட்டாரைச் சேஸியோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போதே கேன் எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காந்தங்கள் நடுவாக உட்கார ஆர்மேச்சர் அளவில் ஓர் உருளை கடைந்து, அதன்மேல் வேண்டிய இடைவெளிக்குக் காகிதம் சுற்றி, உள்ளே செருகி வைத்து இறுக விடுங்கள்.

பசையை மெல்லியதாகப் பூசச் சொல்வதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. காந்தத்தின் பார்வையில் பசையும் காற்றுதான். 4 மி.மீ. கனமுள்ள பெரைட்டும் 0.5 மி.மீ. இடைவெளியும் இருக்கிற இடத்தில் பின்னால் 0.2 மி.மீ. பசை சேர்ந்தால் பாயம் தோராயமாக 4 சதவீதம் இறங்கும். ஆர்மேச்சருக்கும் காந்தத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை 0.7-இலிருந்து 0.4 மி.மீ. ஆக்கினால் 7 சதவீதம் போல ஏறும். அரைகுறையாக ஏற்றிய காந்தத்தை முழுதாக ஏற்றிக் கிடைப்பதும் பல நேரம் இந்த அளவுதான். எனவே இடைவெளியைச் சரிசெய்யாமல் ஏற்ற மட்டும் ஓடுவதில் அர்த்தமில்லை. காந்தத்தை உள்ளே தள்ள ஷிம் வைப்பதானால் இரும்புத் தகடாக இருக்க வேண்டும். பித்தளையோ பிளாஸ்டிக்கோ வைத்தால் முன்னால் குறைத்த இடைவெளியைப் பின்னால் கூட்டியதாகிவிடும்.

கேனின் வெளிப்பக்கத்தில் ஒரு குண்டூசியை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டிப் பிடித்தால் கேன் தகடு பாயத்தை முழுதும் சுமக்க முடியாமல் வெளியே கசிகிறது. மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றைச் சுற்றிக் கட்டினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். நீங்கள் ஓடும் வகுப்பின் விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதையே தடுக்கும் வகுப்புகளும், கேனைத் திறக்கவே கூடாத சீல் மோட்டார் வகுப்புகளும் உண்டு.

இனி ஏற்றும் வேலை. எவ்வளவு புலம் வேண்டும் என்பது காந்தத்தின் வகையைப் பொறுத்தது. பழைய பிட்மன் போன்ற மோட்டார்களில் இருக்கும் ஆல்நிக்கோவுக்கு (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) 0.3 டெஸ்லா போதும். பெரைட்டுக்கு ஏறக்குறைய 1 டெஸ்லா, அதாவது 10,000 காஸ். சமேரியம் கோபால்ட்டுக்கு வகையைப் பொறுத்து 2 முதல் 4 டெஸ்லாவுக்கு மேலும், நியோடிமியத்துக்கு 3 டெஸ்லாவும் தேவை. இரும்பு 2 டெஸ்லாவை ஒட்டி நிறைந்துவிடுவதால் இந்தக் கடைசி இரண்டையும் இரும்புக் கட்டை வைத்த வீட்டுக் கருவியால் முழுதாக ஏற்ற முடியாது. குரூப் 27 போன்ற மேல்வகுப்பு மோட்டார்களில் உள்ள கோபால்ட் காந்தம் சாதாரண ஓட்டத்தில் இறங்குவதும் அரிது. அது வலுவிழந்தது போலிருந்தால் உடைசலையும் ஒட்டையும் பாருங்கள், ஏற்றப் போகாதீர்கள்.

பெரைட்டுக்கான கணக்கு எளிது. 1 டெஸ்லா புலத்தை 1 மி.மீ. காற்றுக்குள் செலுத்த 800 ஆம்பியர்-சுற்று (ஆம்பியரைக் காயிலின் சுற்று எண்ணிக்கையால் பெருக்கிய எண்) வேண்டும். பெரைட்டும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய காற்றுதான். உங்கள் மோட்டாரை வெர்னியரால் அளந்து பாருங்கள். உதாரணத்துக்குக் காந்தம் 4 மி.மீ. வீதம் இரண்டு, இடைவெளி அரை மி.மீ. வீதம் இரண்டு, ஆக 9 மி.மீ. அப்படியானால் 7,200 ஆம்பியர்-சுற்று. இது ஓட்டைக்குள் ஆர்மேச்சரோ அதே அளவு இரும்பு உருளையோ இருந்தால்தான். ஓட்டை காலியாக இருந்தால் அதன் விட்டம், சுமார் 14 மி.மீ., முழுதும் காற்று. மொத்தம் 22 மி.மீ., அதாவது 17,600. உருளையை மறந்துவிட்டு ஏற்றி, கருவி சரியில்லை என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் கவனிப்பதில்லை. இதற்கு மேல் கேனின் பக்கச் சுவர் வழியாகப் பாயத்தில் ஒரு பங்கு குறுக்குவழியில் ஓடிவிடும். 1 மி.மீ. தகட்டுக்கு அது கால் பங்கு வரை வரலாம். கசிவையும் சேர்த்து 12,000-க்குக் குறையாமல் திட்டமிடுங்கள்.

இதை எட்ட எனக்குப் பிடித்த வழி கார் பேட்டரி. கெபாசிட்டர் கருவியைவிட உயிராபத்து குறைவு, பாயம் நிதானமாக ஏறுவதால் கேனிலும் இரும்புக் கட்டையிலும் சுழல் மின்னோட்டம் எழுந்து மறிப்பதில்லை.

பழைய ஸ்டெபிலைசர் அல்லது இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளை 25 மி.மீ.க்கு 25 மி.மீ. குறுக்களவு வருமாறு அடுக்கி, சி வடிவத்தில் கட்டுங்கள். வாயின் அகலம் மோட்டார் கேன் இறுக்கமாக நுழையும் அளவு. கேன் வளைவாக இருக்கும் பக்கத்தில்தான் காந்தம் உட்கார்ந்திருக்கும் என்றால் வாயின் இரு முகத்தையும் அதே வளைவுக்கு அரம் போட்டு எடுங்கள். கேனுக்கும் கட்டைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தாலும் 400 ஆம்பியர்-சுற்று வீண். கட்டையின் மேல் 14 எஸ்.டபிள்யூ.ஜி. இனாமல் கம்பி, அதாவது சுமார் 2 மி.மீ., 120 சுற்று. ஏறக்குறைய 18 மீட்டர், அரைக் கிலோ ஆகும். இதன் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓமுக்குச் சற்றுக் கீழே. பேட்டரி, கேபிள், ரிலே எல்லாம் சேர்த்து 0.12 என்று வைத்தால் 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓடும். 12,000 ஆம்பியர்-சுற்று கைக்கு வந்துவிட்டது. ஒரு நொடி அழுத்தினால் கம்பி 5 டிகிரிதான் ஏறும், எரியாது. ஆனால் விரலை எடுக்க மறந்தால் எரியும்.

சுவிட்ச்சாகக் காரின் ஸ்டார்ட்டர் ரிலேயைப் போடுங்கள், சாதாரண சுவிட்ச் முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளும். காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்காக ஒரு கனத்த ரெக்டிஃபயர் டயோடு கட்டாயம், பேட்டரி மின்னோட்டத்துக்கு எதிர்த் திசையில். ரிலே விடும்போது காயிலில் சேர்ந்த ஆற்றல் அதன் வழியாக அடங்கும். டயோடு இல்லாவிட்டால் ரிலேயில் தீப்பொறி பறக்கும், கையில் ஷாக்கும் கிடைக்கும். ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அதனால் பேட்டரி முனையில் ஃப்யூஸ் ஒன்றும், உடனே பிடுங்கக்கூடிய கிளிப்பும் இருக்கட்டும். சற்று முன்பு சார்ஜரில் இருந்த பேட்டரியின் பக்கத்தில் பொறி வரும் வேலை வேண்டாம், அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

மோட்டாரைச் சேஸியிலிருந்து எடுத்துவிடுங்கள். சேஸியின் எஃகுக் கம்பிகள் பாயத்தை வேறு பக்கம் இழுக்கும். பிரஷ், ஸ்பிரிங் இரண்டையும் கழற்றுங்கள். பிரஷ் இருந்தால் பாயம் ஏறும்போது காயிலில் மின்னோட்டம் தூண்டப்பட்டு ஆர்மேச்சர் உதறும். ஒரு திசைகாட்டியைக் கேனின் பக்கத்தில் வைத்து எந்தப் பக்கம் வடமுனை என்று குறியிடுங்கள். அதே திசைகாட்டியால் காயிலின் முனையையும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் 12 வோல்ட்டில் அல்ல. டார்ச் பேட்டரி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் போதும். திசைகாட்டியை முழுப் புலத்தின் அருகே கொண்டுபோனால் அதன் ஊசியே திரும்பிக் காந்தமாகிவிடும்.

காந்தங்கள் நேராகக் கட்டையின் இரு முகத்தையும் பார்க்கும்படி கேனைச் செருகி, மர ஆப்பு வைத்து இறுக்குங்கள். அரை நொடி முதல் ஒரு நொடி வரை அழுத்துங்கள். ஆற விட்டு இன்னும் ஒரு முறை. அதற்கு மேல் பயனில்லை, ஏனென்றால் காந்தம் எத்தனை முறை என்பதைப் பார்ப்பதில்லை, உச்சப் புலம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்கிறது. முழுதாக நிறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி: ட்ரில்லில் வைத்து வோல்ட்டை அளந்து, இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் அரை நொடி கொடுத்து, மீண்டும் அளப்பது. எண் ஏறவில்லை என்றால் முதலிலேயே நிறைந்திருந்தது. ஏறினால் உங்கள் கட்டையிலோ வாயின் இடைவெளியிலோ குறை இருக்கிறது.

தவறிப்போய்த் தலைகீழாகச் செருகி ஏற்றிவிட்டால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். முழுப் புலத்தில் ஏற்றியிருந்தால் நஷ்டமில்லை, ஒயரை மாற்றிப் போட்டால் டைமிங் உட்பட எல்லாம் பழையபடி இருக்கும். அரைப் புலத்தில் தலைகீழாக ஏற்றியதுதான் விபரீதம். பாதி இப்படியும் பாதி அப்படியுமாகக் காந்தம் குழம்பிவிடும். அதற்கு மருந்து முழுப் புலத்தில் திரும்ப ஏற்றுவதுதான்.

கெபாசிட்டர் வழியில் போக விரும்பினால் குறைந்த வோல்டேஜிலேயே இருங்கள். 10,000 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் என்றால் 50 ஜூல். இதே கட்டைக்கு அது தாராளம். 300, 400 வோல்ட் கெபாசிட்டர்களை அடுக்கிக் கட்டும் வரைபடங்கள் நிறையக் கிடைக்கும். கைப் பட்டால் உயிர் போகும் வகை அது, பெரைட்டுக்குத் தேவையுமில்லை. கெபாசிட்டரின் குறுக்கே 1 கிலோஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். அணைத்த பிறகு அது ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். சுவிட்ச்சுக்கு எஸ்.சி.ஆர். (ஒரு திசையில் மட்டும் கடத்தும் மின்னணு சுவிட்ச்) பயன்படுத்துங்கள், காயிலுக்குக் குறுக்கே டயோடு இங்கேயும் வேண்டும். இங்கே அதன் வேலை இன்னும் பெரிது. டயோடும் இல்லாமல் எஸ்.சி.ஆருக்குப் பதில் சாதாரண சுவிட்ச்சும் போட்டிருந்தால் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஆடி அடங்கலாம். முதல் ஆட்டம் ஏற்றியதை இரண்டாவது ஆட்டம் இறக்கும். ஏற்றப் போய் முன்பைவிட வலுவிழந்து வந்த காந்தங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். துடிப்பு சில மில்லிநொடிதான் என்பதால் கட்டை தகடு அடுக்காகவே இருக்க வேண்டும். ஒரே கட்டி இரும்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகிப் பாயம் மேல்தோலோடு நின்றுவிடும். எந்த வழியானாலும் கைக்கடிகாரம், வங்கி அட்டை, போன் ஆகியவை மேசையில் இருக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

ஆல்நிக்கோ உள்ள 1950, 60-களின் மோட்டாரைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன வரிசை அதற்குப் பொருந்தாது. ஆர்மேச்சரை வெளியே உருவிய கணமே ஆல்நிக்கோ வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடும், திரும்பச் செருகினாலும் அது வராது. எனவே எல்லா வேலையும் முடித்து, மோட்டாரை முழுதாகப் பூட்டி, ஆர்மேச்சர் உள்ளே இருக்க ஏற்றுங்கள். பிறகு திறக்கவே வேண்டாம். திறந்தே ஆக வேண்டுமென்றால் முதலில் இரண்டு முனைகளையும் ஒரு கனத்த மென்னிரும்புத் துண்டால் பாலம் போட்டுவிட்டு உருவுங்கள், இழப்பு குறையும். நல்ல வேளையாக அதை ஏற்றுவதும் சுலபம். 20 மி.மீ. நீளக் காந்தத்துக்குக்கூட 5,000 ஆம்பியர்-சுற்று போதும்.

ஏற்றிய மோட்டாரைப் பழைய பல் விகிதத்திலேயே ஓட்டிப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பாயம் 10 சதவீதம் ஏறியிருந்தால் நேர்ப்பாதையின் கடைசியில் வேகம் 9 சதவீதம் இறங்கியிருக்கும். டார்க் கூடியிருப்பதால் பினியனில் (மோட்டார் ஷாஃப்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஒரு பல் கூட்டலாம். 9-க்கு 29 போட்டிருந்தால் 10-க்கு 29. பிரேக் இப்போது முன்பைவிடக் கடுமையாகப் பிடிக்கும், கன்ட்ரோலரில் பிரேக்கைத் தணித்து வைத்துவிட்டு முதல் சில சுற்றுகளை ஓட்டுங்கள். சூடு குறையவில்லை என்றால் கம்யூட்டேட்டரையும் பிரஷ் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டியதுதான்.